கேட்ட பிறகே இணைப்பு

என் நோயின் பெயரை எல்லாருக்கும் கடைசியாகத் தெரிந்துகொண்டவள் நான். மருத்துவருக்குத் தெரியும், மகனுக்கும் மருமகளுக்கும் தெரியும், மாடியில் குடியிருப்பவர்களுக்குக்கூடத் தெரியும் என்று பிறகு அறிந்தேன். யாருடைய வயிற்றில் அது வளர்ந்துகொண்டிருந்ததோ, அவளிடம் மட்டும் குடலில் புண் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

இப்போது தேறிவிட்டேன். காலையில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றவும், பூஜை அறையில் சற்று நேரம் உட்காரவும் உடம்பு இடம் கொடுக்கிறது. யாரும் இரக்கப்படவேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. மருத்துவமனைத் தாழ்வாரங்களில் குரலைத் தணித்துக்கொண்டு, உள்ளே படுத்திருப்பவரிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று கூடிப் பேசும் குடும்பங்களைக் கண்ணாரப் பார்த்தேன். அவர்களுக்காகவும், உள்ளே படுத்தபடி வருகிறவர் போகிறவர் முகங்களையெல்லாம் துழாவிக்கொண்டிருப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். என் தகப்பனார் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். திருவிழாவில் பெருமாளுக்கு முன்னே பாடிக்கொண்டு போகும் கோஷ்டியிலிருந்து எட்டித் தள்ளி நடந்து, காதால் கேட்டே பாசுரங்களைப் பாடம் செய்தவர். அந்தச் சொத்து எனக்கு வந்தது. பிழைப்புக்கு, செங்கல்பட்டுத் தொலைபேசி நிலையத்தில் டிரங்கு கால் இணைக்கும் வேலை. வெளியூர் அழைப்புகளை ஆள் வைத்து இணைத்த காலம் அது. ஓய்வுபெற்ற பிறகு கூடுவாஞ்சேரியில் மகன் வரதனோடும் மருமகள் சுமதியோடும் இருக்கிறேன்.

நோய் களைப்பாகத்தான் வந்தது. கடல்மல்லை என்னும் மாமல்லபுரத்துக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பிய ஒரு நாளில், கூடுவாஞ்சேரி ரயில் நிலைய மேம்பாலத்தின் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு மேலே வரவில்லை. பரிசோதித்தபோது இரத்தம் மிகக் குறைந்திருந்தது. எங்கேயோ உள்ளுக்குள் கசிகிறது என்றார் மருத்துவர். நுனியில் கேமரா வைத்த மெல்லிய குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பெருங்குடலைப் பார்த்தார்கள். அதற்கு முந்தின நாள் குடலைக் கழுவ ஒரு மருந்து நீரைக் குடம் குடமாகக் குடிக்கவேண்டும். சோதனையைவிட அதுவே பெரிய சோதனை. உள்ளே ஒரு தடிப்பு தென்பட, அதிலிருந்து சிறு துணுக்கைக் கிள்ளி ஆய்வுக்கு அனுப்பினார்கள். பயாப்சி என்பது இவ்வளவுதான். வலியில்லை. வலி, முடிவுக்குக் காத்திருப்பதில் இருக்கிறது.

முடிவு வந்த அன்று வரதன் பால்கனியில் நின்று யாரிடமோ தொலைபேசியில் பேசினான். சொற்கள் என் காதில் விழவில்லை. குரல் விழுந்தது. சாவுச் செய்தி சொல்ல டிரங்கு கால் பதிவு செய்பவர்களுக்கு ஒரு குரல் உண்டு; மிகவும் மெதுவாக, மிகவும் தெளிவாக, ஊர்ப் பெயரைக்கூட மரியாதையாகச் சொல்வார்கள். பணிக்காலம் முழுவதும் நான் கேட்ட குரல். என் மகன் அந்தக் குரலில் பேசிக்கொண்டிருந்தான்.

உள்ளே வந்தவனைக் கேட்டேன். "என்னடா வந்திருக்கு எனக்கு?"

"புண்ணும்மா. சின்ன ஆபரேஷன். எடுத்துட்டா சரியாப் போயிடும்."

"வரதா, நான் உன் அம்மா. உன் குரல் எனக்குத் தெரியாதா?"

அவன் சுவரைப் பார்த்தான். சுமதிதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்க நல்லதுக்குத்தான் அத்தை. தெரிஞ்சா நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னு..."

"நான் உடைஞ்சா உடைஞ்சுட்டுப் போறேன். தெரியாம உடையறது எனக்கு வேணாம்."

அப்போது சொன்னாள். புற்று. அழுதவள் அவள், தேற்றியவள் நான். எனக்குக் கோபம் மிகுதியாக இருந்தது. பயம் அதற்குப் பின்னால் வந்தது. தகப்பனார் தந்த பாசுரங்களில் வலியை வலி என்றே சொல்லித்தான் இறைவனைக் கூப்பிடுகிறார்கள். நோயின் பெயர் தெரியாமல் நான் என்னவென்று கூப்பிடுவேன்? அன்று ஒரு சங்கல்பம் செய்துகொண்டேன். எனக்கு இழைத்த இந்த மறைப்பை நான் எவருக்கும் இழைக்கமாட்டேன். பிறர் எனக்கு எதைச் செய்யவேண்டும் என்று விரும்புகிறேனோ அதையே பிறருக்குச் செய்வேன். தகப்பனார் எனக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே சட்டம் அது.

செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் அறுவை நடந்தது. அறுவை செய்த பெண் மருத்துவர் ஒரு தாளில் குடலை வரைந்து காட்டினார். கெட்ட பகுதியை வெட்டியெடுத்து, நல்ல இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைப்பது. அருகிலிருக்கும் நிணநீர்க் கணுக்களையும் எடுத்து, அவற்றில் நோய் பரவியிருக்கிறதா என்று பார்ப்பது. பரவியிருந்தால் பிறகு மருந்து ஏற்றுவது. எழுபது வயதைத் தாண்டிய ஒருத்தியிடம் இப்படி நேராகப் பேசியதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அறுவைக்குப் பிந்தைய நாட்களைப் பற்றி அழகாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூக்கில் குழாய், கையில் ஊசி, வயிற்றில் தையல். தைத்த குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிட்டதா என்று அறிய, வந்தவரெல்லாம் காற்று பிரிந்ததா என்று கேட்டார்கள். அது பிரிந்த அன்று என் மகன் மருத்துவமனைக்கு வெளியே போய் இனிப்பு வாங்கி வந்தான். சுமதி அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து, சிக்குப் பிடித்த என் தலையை ஈரச் சீப்பால் வாரிப் பின்னிவிட்டாள். காப்பீட்டு அட்டை எதற்கெல்லாம் செல்லும், எதற்குச் செல்லாது என்று கேட்டு வரதன் கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் அலைந்தான். என்னிடம் வரும்போது மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவான். அவன்மேல் இருந்த கோபம் அங்கேதான் கரைந்தது, சங்கல்பம் கரையவில்லை.

அடுத்த கட்டிலில் லூர்து இருந்தாள். லூர்தம்மாள், கோவளத்தில் மீன் விற்பவள். ஐம்பதைத் தாண்டியவள். வயிறு நீர் கோத்து வீங்கியிருந்தது. காரணம் அறியச் சோதனைகள் நடந்துகொண்டிருந்தன. படுத்தபடியே அந்தப் பிரிவு முழுவதையும் அவள்தான் நடத்தினாள்.

"இன்னா சிஸ்டர், ஊசி போடுறியா, கோணி தைக்கிறியா? மெள்ளக் குத்து" என்பாள். செவிலி சிரித்துக்கொண்டே குத்துவாள்.

விடிகாலையில் பாசுரம் சொல்வது என் வழக்கம். மூக்குக் குழாயை எடுத்த மறுநாள் மெல்லிய குரலில் தொடங்கினேன். அது கேட்பவருக்கும் இதம் என்றே எப்போதும் நினைத்து வந்திருக்கிறேன். லூர்து போர்வையை விலக்கி ஒரு கண்ணால் பார்த்தாள்.

"ஏன் பெரிமா, உங்க சாமி எழுந்துக்கிற நேரத்துக்கு நானும் எழுந்துக்கணுமா? எங்க சாமி ஞாயித்துக்கிழமதான் கூப்புடுவாரு. அதுவும் மணி அடிச்சு."

சுருக்கென்றது. "சரிம்மா. இனிமே மனசுக்குள்ளயே சொல்லிக்கிறேன்."

"அத்த யாரு சொன்னா? நல்லாத்தான் கீது, பாடு. நான் காபி குடிச்சப்புறம் பாடு. வெறும் வயித்துல கேட்டா தல வலிக்குது."

அன்றுமுதல் அவள் மகள் ஸ்டெல்லா பிளாஸ்கில் கொண்டுவரும் காபியை லூர்து குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்தபின்தான் என் பாசுரம் தொடங்கும். என் வேலையைக் கேட்டறிந்ததும் எனக்குப் பெயரும் வைத்துவிட்டாள்.

"டெலிபோனம்மா, எங்க வூட்டுக்காரரு கொச்சிக்குத் தொழிலுக்குப் போனப்போ கடையாண்ட போய் நின்னு பேசுவேன். பாதிப் பேச்சுல கட்டாயிடும். அது நீதானா?"

"உங்க ஊரு எங்க லைன்லயே இல்ல."

"சும்மா இரு. அந்த மீதிப் பேச்சு உங்கிட்டதான் கீது. எப்போ குடுக்கப் போற?"

தையல் இழுத்தாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு ஒரு பிற்பகலில், கைத்தடியோடு தாழ்வாரத்தில் நடை பழகிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா வந்து என் முழங்கையைப் பிடித்தாள். பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கணினி அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண். தகப்பன் இறந்தபின் வீட்டுக்கு அவள்தான் எல்லாம். லூர்துவின் முடிவுகள் வந்துவிட்டன. சினைப்பையில் தோன்றிய புற்று, வயிற்றின் உள்ளுறையில் விதை தூவியதுபோல் பரவியிருக்கிறது. நீர் அதனால்தான் சுரக்கிறது. எடுத்தாலும் மறுபடி சேரும். சில தவணை மருந்து ஏற்றிக் குறுக்கிய பிறகு அறுவை செய்யலாம், தாமதிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

"அம்மாவுக்கு வெறும் நீர்க்கட்டின்னு சொல்லி வெச்சிருக்கேன் ஆன்ட்டி. உங்களைக் கேட்டா நீங்களும் அதையே சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"நான் பொய் சொல்லமாட்டேன் ஸ்டெல்லா. எங்கிட்டயும் இப்படித்தான் மறைச்சாங்க. எவ்வளவு வலிச்சுதுன்னு எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியணும்."

அவள் கண் நிறைந்தது. ஆனால் குரல் உறுதியாக இருந்தது. "எங்க பெரியம்மாவுக்கும் இதே நோய்தான். பேரைக் கேட்ட அன்னிக்கே சோத்தை நிறுத்திட்டாங்க. அம்மா கூடவே இருந்து பாத்தாங்க. நாளைக்கு எனக்கே இது வந்தா எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் நெனப்பேன். எனக்கு எது வேணுமோ அததானே ஆன்ட்டி அம்மாவுக்குச் செய்யறேன்? அது தப்பா?"

என் தகப்பனாரின் சட்டத்தை அவளும் ஓர் எழுத்துப் பிசகாமல் கைக்கொண்டிருந்தாள். நான் அறிய விரும்புகிறவள்; ஆகவே சொல்லத் துடித்தேன். அவள் அறிய விரும்பாதவள், ஆகவே மறைத்தாள். இரண்டு கணக்கிலும் லூர்து இல்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அன்று முழுவதும் கடல்மல்லைப் பெருமாளையே நினைத்தேன். பாற்கடலில் பாம்பணையில் கிடப்பவனுக்குப் பூச்சாத்த வேண்டும் என்று கடலையே இறைக்கத் தொடங்கிய முனிவரின் கதையைத் தலபுராணம் சொல்கிறது. பெருமாள் கிழவராக வந்து நின்றார். அந்த முனிவருக்கு எது இயலும் என்று பார்த்தார். பாம்பணையை விட்டுவிட்டு, அவர் பூவைக் கொண்டுவந்த அந்த வெறுந்தரையிலேயே படுத்துக்கொண்டார். அவன் வழக்கம் பாம்பணை. அன்பருக்காக அவன் வந்து கிடந்த இடம் வேறு. எத்தனை முறை அந்தத் திருமேனியைச் சேவித்திருக்கிறேன்! இதை இப்படி எண்ணிப் பார்த்ததில்லை.

மறுநாள் லூர்துவின் வயிற்றில் ஊசி செலுத்தி நீரை வடித்தார்கள். வயிறு தாழ்ந்ததும் அவள் எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் களை வந்தது. சிக்கலும் அங்கேதான் பிறந்தது.

"ஏய் ஸ்டெல்லா, துணிய மடிச்சு வை. தண்ணி எடுத்தாச்சு, வூட்டுக்குப் போலாம். மாதா கோயில் கொடியேத்தத்துக்கு நான் ஊர்ல இருக்கணும்."

"இன்னும் ஒரு டெஸ்ட் இருக்கும்மா."

"இன்னா டெஸ்ட்டு? வெறும் தண்ணின்னு நீதானே சொன்ன. எடுத்தாச்சு இல்ல? சும்மா பேஜாரு பண்ணாத. கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு நானே பஸ் ஏறிப் போவேன்."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். அவள் கட்டிய பொய்யே தாயை வாசல்வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டது. லூர்து போய்விட்டால் திரும்பமாட்டாள். நீர் மறுபடி சேர்ந்து, இயலாமல் தூக்கிவரும் நாளில் மருந்துக்கு வேலை இருக்காது. தாழ்வாரத்துக்குப் போகும்படி ஸ்டெல்லாவுக்குச் சைகை காட்டி, பின்னாலேயே போனேன்.

எங்கள் வேலையில் பி.பி. கால் என்று ஒன்று உண்டு. இன்னாரிடம் மட்டுமே பேசவேண்டும் என்று பதிவு செய்யும் அழைப்பு. மறுமுனையில் மணி அடித்து எடுத்ததும் நாங்கள் சேதியைச் சொல்லமாட்டோம். சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. எங்கிருந்து அழைப்பு என்று சொல்லி, இன்னார்தானா என்று உறுதி செய்து, "பேசறீங்களா?" என்று கேட்போம். சரி என்றால் இணைப்போம். சிலர், கொஞ்சம் இருங்கள், உட்கார்ந்துகொள்கிறேன் என்பார்கள். சிலர், நீங்களே என் அண்ணனைக் கூப்பிட்டுக் கொடுங்கள் என்பார்கள். மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்கும்; காத்திருப்போம். கேட்காமல் இணைத்ததே இல்லை. இத்தனை வருடம் அதை வேலை விதி என்றுதான் எண்ணியிருந்தேன்.

"நான் எதையும் சொல்லமாட்டேன்" என்றேன் ஸ்டெல்லாவிடம். "ஆனா கேப்பேன். உனக்குத் தெரியணுமா, எப்படித் தெரியணும்னு."

"கேக்கறதும் சொல்றதும் ஒண்ணுதான் ஆன்ட்டி. அம்மா கெட்டிக்காரி."

"கெட்டிக்காரிதான். அதனாலதான் கேக்கணும். வேணாம்னு சொன்னா அதோட விட்டுடறேன். பெருமாள் சத்தியம்."

உள்ளே லூர்து சேலைகளைப் பையில் திணித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. ஸ்டெல்லா தலையசைத்தாள்.

லூர்துவின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"லூர்து, உன் உடம்பைப் பத்தி ஒரு சேதி இருக்கு. டாக்டர்கிட்ட இருக்கு, உன் மகள்கிட்ட இருக்கு. நீ கேக்கறியா? வேணாமா? கேக்கறதானா எப்படி வேணும்?"

பையின் ஜிப்பைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"நல்ல சேதின்னா இவ இந்நேரம் ஊரு பூராத் தண்டோரா போட்டிருப்பா" என்றாள் கடைசியில். சிரிக்கவில்லை. "எங்க அக்காவுக்கு வந்துச்சே, அதுவா?"

நான் வாய் திறக்குமுன் கையைத் தூக்கித் தடுத்தாள்.

"வேணாம். சொல்லாத. அந்தப் பேரு எனக்கு வேணாம். அக்காவ அந்தப் பேருதான் படுக்க வெச்சுது. பேரக் கேட்டுட்டா அவ மூஞ்சிதான் எனக்கு வரும்." மூச்சை இழுத்து விட்டாள். "எனக்கு இன்னா செய்யணும்னு மட்டும் சொல்லச் சொல்லு. வூட்டுக்குப் போலாமா, இருக்கணுமா? இன்னா மருந்து, எத்தினி வாட்டி? முடி கொட்டுமா? அத்த மறைக்கக் கூடாது. டாக்டர் சொல்ல வேணாம், எம் பொண்ணு சொல்லணும். எம் பக்கத்துல உக்காந்துகினு. அழக்கூடாது."

நான் வேண்டியது பெயர் முதல் எல்லாம். ஸ்டெல்லா கொடுத்தது முழு மறைப்பு. லூர்து கேட்டதோ எங்கள் இருவர் புத்திக்கும் எட்டாத மூன்றாவது ஒன்று. பெயரை விட்டுவிட்டு, வேலையை மட்டும் கேட்டாள்.

மருத்துவரைக் கூப்பிட்டு வந்தார்கள். அவர் நின்றார், ஸ்டெல்லா உட்கார்ந்து, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். வயிற்றில் கெட்டது ஒன்று இருக்கிறது, தண்ணீர் மறுபடி சேரும், மருந்து ஏற்றவேண்டும், பிறகு அறுவை, முடி கொட்டும், வளரும், மருந்து கேட்குமா என்பதை இரண்டு மூன்று தவணை போனபின்தான் சொல்லமுடியும். எதையும் விடவில்லை. ஒரே இடத்தில் மட்டும் குரல் உடைந்தது.

"ஏய், அழாதன்னு சொன்னேன் இல்ல?"

"அழலம்மா."

"மூக்க உறிஞ்சாத அப்போ." லூர்து மருத்துவரை ஏறிட்டுப் பார்த்தாள். "இன்னா டாக்டரம்மா, அந்தக் கழுதைய எப்போ வெரட்ட ஆரம்பிக்கிற? கொடியேத்தத்துக்கு ஒரு நா லீவு குடுப்பியா?"

கொடுப்பதாகச் சொன்னார். அன்றுமுதல் அந்த நோய்க்கு அந்தப் பிரிவில் கழுதை என்றே பெயர். செவிலியர்கூட அப்படித்தான் சொன்னார்கள். லூர்து பையிலிருந்து சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள். ஸ்டெல்லா வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள்.

நான் வீடு திரும்பிச் சில நாளில் என் நிணநீர்க் கணுக்களின் முடிவு வந்தது. வரதன் உறையைப் பிரிக்காமல் என்முன் வந்து நின்றான்.

"அம்மா, ரிப்போர்ட் வந்திருக்கு. நீயே படிக்கிறியா, நான் படிக்கட்டுமா? இல்ல, அப்புறமாப் பாக்கலாமா?"

அவன் அப்படிக் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் பதில் அதைவிட எதிர்பாராதது. எல்லாம் எனக்குத் தெரியவேண்டும் என்று கோபித்தவளுக்கு, கை நீளவில்லை. மூக்குக்கண்ணாடி மேசைமேல்தான் இருந்தது.

"நீ படி" என்றேன். "மெதுவாப் படி."

என் விருப்பமே நேற்றிருந்ததுபோல் இன்றில்லாதபோது, அடுத்தவர் விருப்பத்தை என் விருப்பத்தைக் கொண்டு எப்படி அளப்பேன்? தகப்பனாரின் அந்தச் சட்டத்தை இப்போதும் விடவில்லை. ஆனால் அதில் பிறருக்கு நான் கடமைப்பட்ட முதற்காரியம் ஒன்றே. என்னைக் கேட்கவேண்டும் என்று நான் விரும்புவதுபோல, அவரைக் கேட்பது. அதுவும் ஒருமுறை கேட்டுவிட்டு ஓய்வதற்கில்லை.

கணுக்கள் சிலவற்றில் நோய் இருந்தது. மருந்து ஏற்றவேண்டும் என்றார்கள். சரி என்றேன். பெருமாள் திருவுள்ளம் எதுவானாலும், நடந்து போய் ஏற்றுக்கொள்ளக் கால்கள் இருக்கின்றன.

முதல் தவணைக்குக் காலையிலேயே போனேன். சாய்வு நாற்காலிகள் வரிசையாகப் போட்ட கூடம். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு கம்பம், ஒரு மருந்துப் பை. தலையில் பூப்போட்ட துண்டைக் கட்டிக்கொண்டு சன்னலோரம் லூர்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது இரண்டாம் தவணை. மருந்து கேட்கிறதா என்று இன்னும் தெரியவில்லை என்று ஸ்டெல்லா வாசலிலேயே சொல்லியிருந்தாள். பக்கத்து நாற்காலியில் பையை வைத்து எனக்காக இடம் பிடித்திருந்தாள் லூர்து.

செவிலி என் கையில் நரம்பு தேடிக் குத்தினாள். மருந்து சொட்டத் தொடங்கியது. சில்லென்று கை வழியே ஏறியது. பயமாகத்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

பக்கத்தில் டம்ளர் கவிழ்க்கும் சத்தம் கேட்டது.

"டெலிபோனம்மா" என்றாள் லூர்து. "காபி ஆச்சு. பாடு."